ஒன்பது வோல்ட்டுக்கு இரண்டு எர்த்துக் குழி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல, திருடியது. அதிலும் முழுசாகத் திருடக் கொடுத்து வைக்கவில்லை. பாதிதான் கிடைத்தது.

1995, மே மாதம். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு வருகிற பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். நகக்கண்ணில் கிரீஸ் இருந்ததால் மோட்டார் கம்பெனி ஆட்கள் என்று தெரிந்தது. ஒருவர் சொன்னார்:

"ஒம்பது வோல்ட்டு பேட்டரி மாப்ளே. ரேடியோவுக்குப் போடுவமே, சுண்டக்காயாட்ட, அது. அதுக்குப் போயி அந்தம்மா ரெண்டு எர்த்துக் குழி வெட்டிப்போட்டுதாம்!"

"கரி, உப்பெல்லாம் போட்டா?"

"கரி, உப்பு, ரெண்டு கொடம் தண்ணி, அல்லாம்!"

இருவரும் சிரித்த சிரிப்பில் சீட்டுக் கம்பி அதிர்ந்தது. கேலிச் சிரிப்பா கொண்டாட்டச் சிரிப்பா என்று முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது? "அப்பறம்?" என்று மற்றவர் கேட்டார். நானும் காதை நீட்டினேன். அப்புறம் கிணத்துக்கடவு வந்துவிட்டது. இரண்டு பேரும் இறங்கிப் போய்விட்டார்கள். ஓடிப்போய்க் கேட்டுவிடலாமா என்று எழுந்து நின்றேன். பஸ் கிளம்பிவிட்டது, என் சீட்டிலும் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். உக்கடம் வரை நின்றுகொண்டே வந்தேன்.

நின்ற கால் வலிக்கவே இல்லை ஐயா! மண்டைக்குள் அந்த அம்மாள் குழி வெட்டிக்கொண்டே வந்தாள்.

2

அதில் என்ன அப்படிச் சிரிப்பு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. (தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டினால் பிற்பாடு என்னைத் திட்டக் கூடாது.)

* மோட்டாரின் இரும்பு உடம்பில் கரண்ட் கசிந்தால் தொட்ட ஆளைத் தூக்கி எறியும். அதற்காக மோட்டார் உடம்பிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, வெளியே மண்ணில் குழி வெட்டி, கரியும் உப்பும் நிரப்பித் தண்ணீர் ஊற்றி, அதில் புதைத்துவிடுவார்கள். கசிகிற கரண்ட் மண்ணுக்குள் போய்விடும். இதுதான் எர்த்து. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று காப்பாற்ற வேண்டும் என்று, ஒரு மோட்டாருக்கு இரண்டு எர்த்து, தனித்தனிக் குழியில். கோவை மோட்டார்க்காரர்களுக்கு இது பல் தேய்ப்பது மாதிரி, யாரும் யோசித்துச் செய்வதில்லை.

* படத்தில் எர்த்தை வரைய ஓர் அடையாளம் உண்டு. மேலிருந்து ஒரு கோடு, அதன் கீழே மூன்று படுக்கைக் கோடுகள், ஒன்றைவிட ஒன்று சின்னதாக. சின்ன எலக்ட்ரானிக் சர்க்யூட்களை வரைகிறவர்களும் இதே மூன்று கோட்டைத்தான் போடுகிறார்கள். ஆனால் அங்கே இதற்கு மண் என்று அர்த்தமே இல்லை. 'மூன்று கோடு போட்ட முனைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து பேட்டரியின் மைனஸில் கட்டு' என்பது மட்டும்தான்.

ஆக, தப்பு என்னவென்று உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. அந்த அம்மாளுக்குத் தெரியாது. பாவம், அவளுக்கு ஒரு வாரம் ஆகும்.

இனி, தொடக்கம்.

தொடக்கம் ஒன்று: "சரவணன் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். அவன் மேஜைமேல் ஒரு பிரெட்போர்டும் சில"

நிறுத்து. சரவணன் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டான். புத்தகத்தில் படித்துவிட்டு வந்தவன் எதற்குக் குழி வெட்டப் போகிறான்? இந்தத் தப்பைச் செய்ய ஒன்றும் தெரியாதவரும் உதவமாட்டார், எல்லாம் தெரிந்தவரும் உதவமாட்டார். மோட்டாரைக் கரைத்துக் குடித்தவர்தான் வேண்டும். சரவணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "தென்னிந்தியாவின் தொழில் நகரமாம் கோயமுத்தூரில்"

சீ! இது என்ன, பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியா?

தொடக்கம் மூன்று: "வெங்கடலட்சுமி பதினோரு வருஷமாக மோட்டார் சுற்றினாள். அதில் ஒரு மோட்டார் ஓடிக்கூட அவள் பார்த்ததில்லை."

அடி சக்கை! பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஹாலுக்கும் சமையலறைக்கும் நாலு நடை நடந்தேன். "என்ன, வயித்து வலியா?" என்று என் மனைவி கேட்டாள்.

3

வெங்கடலட்சுமி பதினோரு வருஷமாக மோட்டார் சுற்றினாள். அதில் ஒரு மோட்டார் ஓடிக்கூட அவள் பார்த்ததில்லை.

கோவையில் கணபதிப் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனி. (பேர் வேண்டாம்.) அதன் வைண்டிங் பிரிவில் பதினாலு பெண்கள். தாமிரக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, மோட்டார் வயிற்றுக்குள் இருக்கும் பள்ளங்களில் இறக்கி, நாடா போட்டுக் கட்டி அனுப்புவார்கள். அது தள்ளுவண்டியில் ஏறி ஒரு நீலக் கதவுக்குள் போகும். நீலக் கதவுக்கு அந்தப் பக்கம் டெஸ்டிங். அங்கேதான் சுவிட்சைத் தட்டி மோட்டாரை ஓட விட்டு, தேறியதா இல்லையா என்று எழுதுவார்கள். வைண்டிங் பெண்களுக்கு அங்கே வேலை இல்லை. தேறாத மோட்டார் மட்டும் ஒரு சிவப்புச் சீட்டோடு திரும்பி வரும். தேறியவை பற்றி ஒரு சேதியும் வராது.

வெங்கடலட்சுமிக்கு முப்பத்தொரு வயது. மெல்லிய உடம்பு, வேகமான பேச்சு. கோபம் வந்தால் மட்டும் வீட்டுத் தெலுங்கு வெளியே வரும். இரண்டு வருஷமாக டெஸ்டிங் பொறுப்பாளர் சுப்பண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"ஏனுங்கண்ணா, நாஞ் சுத்துன மோட்டாரு எப்படி ஓடுதுன்னு நான் ஒரு நா பாக்க வேண்டாமுங்களா? பெத்துப்போட்டு மூஞ்சியே பாக்காம தொட்டில்ல அனுப்பறாப்ல இருக்குதுங்க."

அன்றைக்கு, மே மாதம் முதல் வியாழக்கிழமை, சுப்பண்ணன் சிரிக்காமல் நின்றார். நாற்பத்தைந்து வயது, காதில் பென்சில், எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

"டெஸ்டிங்குக்குப் புது பேனல் வருதுங்க அம்மணி. அல்லாம் எலக்ட்ரானிக். ஒராள் வேணும். ஆபீசுல ஐ.டி.ஐ. முடிச்ச ஒருத்தரச் சொல்லி வெச்சிருக்காங்க. நான் உங்களச் சொல்லலாம்னு பாக்கறேன்."

வெங்கடலட்சுமி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். 

சுப்பண்ணன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். பென்சிலில் ஒரு படம். ஒரு பேட்டரி, எட்டுக் கால் ஐ.சி. சில்லு ஒன்று, மூன்று நான்கு சில்லறைச் சாமான், ஒரு குட்டி விளக்கு.

"இந்தச் சிவப்பு லைட்டு வுட்டு வுட்டு மினுக்கோணும். இன்னைக்கு வியாழன். நாளன்னைக்கி வார சனியில்ல, அதுக்கடுத்த சனிக்கெழம காலைல டெஸ்டிங் மேசமேல கொண்டாந்து வெச்சுக் காட்டுங்க. ஒரு மணி நேரம் அணையாம மினுக்குச்சுன்னா நான் ஆபீசுல பேசிக்கறேன். அணைஞ்சுதுன்னா அந்த ஐ.டி.ஐ.காரரு வந்துருவாரு. அதுக்கு மேல எங்கையில ஒண்ணுமில்லீங்க."

"செரிங்கண்ணா. இந்த மூணு கோடு போட்டது?"

"அது எர்த்துங்க அம்மணி."

அவ்வளவுதான். அவர் நாக்கில் பழகிய சொல், சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதில் யார்மேல் குற்றம் சொல்வீர்கள்?

4

(இந்தப் பகுதியில் வெங்கடலட்சுமியின் இளமைக் காலம் இரண்டு பக்கம் இருந்தது. கிழித்துவிட்டேன். அவளுக்கு இருப்பதே ஒன்பது நாள்.)

5

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்தில் கம்பெனிக்கு வார விடுமுறை ஞாயிறு அல்ல, பவர் கட் என்றைக்கோ அன்றைக்கு. வெங்கடலட்சுமியின் கம்பெனிக்கு வெள்ளி. காலையில் காந்திபுரம் போய்ச் சாமான்களையெல்லாம் வாங்கி வந்தாள். கூடவே ஒரு பிரெட்போர்டு.

அவள் குடியிருந்தது ஒரே வரிசையாகக் கட்டிய மூன்று வீடுகளில் நடு வீடு. முன் வீட்டில் வீட்டுக்காரம்மா சின்னாத்தாள். கணக்காகப் பேசுகிற கவுண்டச்சி, யார் வீட்டில் என்ன வந்து இறங்கினாலும் விசாரிக்காமல் விடமாட்டார்.

"என்னம்மணி அது, வெள்ளையா?"

"பிரெட்போர்டுங்க்கா."

"பிரெட்டா? ஆருக்குக் காய்ச்சலு?"

காய்ச்சல்காரருக்கான பிரெட் இல்லை என்று விளக்கக் கால்மணி நேரம் ஆனது. உங்களுக்கும் விளக்கிவிடுகிறேன். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை, உடம்பெல்லாம் பொடித் துளை. துளைகளுக்கு அடியில் உலோகப் பட்டைகள் ஓடுகின்றன. ஈயம் வைத்து ஒட்டாமலே சாமான்களைச் செருகி சர்க்யூட் கட்டலாம், தப்பாகப் போனால் பிடுங்கி வேறு துளையில் செருகலாம். (கதை எழுதவும் இப்படி ஒரு பலகை விற்றால் நான் கடன் வாங்கியாவது வாங்குவேன்.)

வெங்கடலட்சுமியின் விரல்களுக்கு அது விளையாட்டு. தலைமுடி மாதிரிக் கம்பியைப் பள்ளத்தில் இறக்கிப் பழகிய கை. ஒரு மணி நேரத்தில் எல்லாம் செருகியாயிற்று, மூன்று கோடுகளைத் தவிர. ஐ.சி. பக்கத்து முனைகள் மூன்று கோட்டுக்குப் போயின. பேட்டரி மைனஸும் வேறொரு மூன்று கோட்டுக்குப் போயிற்று. அவள் வாசலுக்கு வந்து, கணவன் நரசிம்மலுவைக் கூப்பிட்டாள். அவன் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றில் அச்சுக் கட்டுகிற மோல்டர். (வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. நான் தமிழில் தருகிறேன்.)

"ஏனுங்க, ரெண்டு குழி வெட்டணும். எர்த்துக்கு."

"எதுக்கு ரெண்டு?"

"நல்லாக் கேட்டீங்க! ஒத்தை எர்த்துல வுட்ட மோட்டார எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

"அதுஞ் செரிதான். எவ்வளவு ஆழம்?"

இருவரும் கொஞ்ச நேரம் பேட்டரியைப் பார்த்தார்கள். பேட்டரி சின்னது, குழியும் சின்னது போதும் என்று முடிவானது. சின்னாத்தாளின் மல்லிகைப் பாத்தி ஓரமாக, பாத்திரம் கழுவுகிற சலதாரைக்குப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று நாலடி தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் இரண்டு குழிகள். இரண்டு இரும்புக் குழாய்த் துண்டு, சுற்றிலும் அடுப்புக் கரி, கல் உப்பு, குழிக்கு ஒரு குடம் தண்ணீர். ஜன்னல் வழியாக இரண்டு கம்பிகள் உள்ளே வந்தன. இரண்டு பேரில் ஒருவருக்காவது இது விசித்திரமாகத் தோன்ற வேண்டுமே? தோன்றவே இல்லை! முறையாகச் செய்த வேலை என்ற திருப்தியில் நரசிம்மலு கை கழுவினான்.

வெங்கடலட்சுமி பேட்டரியை மாட்டினாள்.

மினுக். மினுக். மினுக்.

"எரியுதுங்க்கா! சின்னாத்தாக்கா, ஓடியாங்க, எரியுது!" என்று கத்திய கத்தலில் கடைசி வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

(இது எப்படி எரியும் என்று எனக்கே சந்தேகம். கதை எழுதுகிறவன் புளுகலாம், ஆனால் கரண்ட் புளுகாது. நானும் காந்திபுரம் போய் அதே சாமான்களை வாங்கி வந்து, தோட்டத்தில் இரண்டு ஆணி அடித்து, உப்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, பேட்டரியை மாட்டினேன். எரிந்தது! ஐம்பத்திரண்டு வயதில் குதித்தேன். நனைந்த உப்பு மண் கம்பி மாதிரி வேலை செய்கிறது. பேட்டரியிலிருந்து ஒரு குழி, மண்ணுக்குள் நாலடி நடை, அடுத்த குழி, பலகை! அந்தக் குட்டி விளக்குக்கு அது போதும்.)

6

சாயங்காலம் வரை மினுக்கியது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மங்கியது. பிறகு நின்றுவிட்டது.

சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் மினுக்குகிறது! அவள் வேலைக்குப் போய்விட்டு நாலரைக்கு வந்தால் நின்றிருக்கிறது. ஞாயிறு காலை எரிந்தது, மாலை இல்லை. திங்களும் அப்படியே. காலையில் எரிந்து மாலையில் அணைகிற சர்க்யூட்டை யார் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

புதுப் பேட்டரி மாற்றினாள். இல்லை. எல்.ஈ.டி. என்கிற அந்தக் குட்டி விளக்கைத் திருப்பிப் போட்டாள், மறுபடி நேராகப் போட்டாள். இல்லை. கம்பிகள் துளைக்குள் சரியாக உட்காரவில்லையோ என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருக்கும்போது பட்டென்று எரிந்தது. "லூஸ் காண்டாக்ட்!" என்று துள்ளினாள். சரியாக அந்த நேரத்தில் சின்னாத்தாள் வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. நீங்களும் கவனிக்காத மாதிரி இருங்கள்.

செவ்வாய்க்கிழமை சின்னாத்தாள், தங்கச்சி மகள் சீருக்கென்று காங்கேயம் கிளம்பிப் போனார்.

புதன்கிழமை காலையில்கூட எரியவில்லை. வெங்கடலட்சுமி வேலை விட்டு வரும் வழியில் வேறு ஐ.சி. வாங்கி வந்து மாற்றினாள். இல்லை. வியாழன் எல்லாவற்றையும் பிடுங்கி, படத்தை வைத்து முதலிலிருந்து செருகினாள். இல்லை. "ஏமிரா இதி!" (என்னடா இது!) என்று பலகையைப் பார்த்துக் கத்தினாள். வைண்டிங்கில் பெண்கள், "லச்சுமி, எப்ப நீலக் கதவுக்குள்ள போறே?" என்று கேட்டபோது குனிந்து நாடாவை இறுக்கிக் கட்டினாள். இரண்டு வருஷம் கெஞ்சி வாங்கிய வாய்ப்பு. நாளை மறுநாள் போய்விடும்.

(இங்கே அவள் அழுவதாக அரைப் பக்கம் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால் அழுகிறது அவளல்ல, நான். அவள் அப்போது கம்பியின் முனைகளைப் பிளேடால் சுரண்டிக்கொண்டு, அடுத்து எதைப் பார்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அரைப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.)

வெள்ளிக்கிழமை. விடுமுறை. கடைசி நாள். காலை முதல் பஸ்ஸில் காங்கேயத்திலிருந்து சின்னாத்தாள் வந்து இறங்கினார். மூன்று நாள் பாத்திரம் கிடக்கிறதே என்று புடவையைச் சொருகிக்கொண்டு சலதாரையில் உட்கார்ந்து கழுவத் தொடங்கினார்.

மினுக்.

"அக்கா! சின்னாத்தாக்கா! எரியுதுங்க்கா!"

"நான் என்னம்மணி பண்ணுனேன்?"

"உங்க கைராசிங்க்கா! நீங்க ஊருக்குப் போனீங்க, லைட்டும் போயிருச்சு. நாளைக்கு நீங்களும் எங்கூட கம்பெனிக்கு வாங்க!"

"எதுக்கு, மேசமேல ஏத்தி உக்கார வெக்கறதுக்கா?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த வெங்கடலட்சுமி பாதியில் நிறுத்தினாள். சிவப்புச் சீட்டோடு மோட்டார் திரும்பி வந்தால் அவர்கள் யாரும் ராசி பார்ப்பதில்லை. 'நல்லா இருந்ததுக்கும் கெட்டதுக்கும் நடுவுல என்ன மாறுச்சு?' என்றுதான் கேட்பார்கள். அவள் பதினோரு வருஷமாகக் கேட்டு வந்த கேள்வி.

"அக்கா, விளக்கு அணையற வரைக்கும் இருந்து, அதுக்கப்பறம் நாஞ் சொல்றாப்ல பண்ணுங்க."

"எனக்கு அடுப்புல வேலயிருக்குது கண்ணு."

"இன்னைக்கு ஒரு நாத்திக்கு எனக்கோசரம்!"

மே மாத வெயில், சரளை மண். பத்தரைக்கெல்லாம் விளக்கு அணைந்தது. சோதனை ஆரம்பமானது. சின்னாத்தாள் வாசலில் வந்து நின்றார். எரியவில்லை. சலதாரையில் உட்கார்ந்தார். எரியவில்லை. பாத்திரத்தைத் தேய்த்தார். எரியவில்லை. கழுவிய தண்ணீரைப் பாத்தியில் ஊற்றினார்.

மினுக்!

"தண்ணி!" என்று வெங்கடலட்சுமி அலறினாள். "கையில்லீங்க்கா, தண்ணி!"

அப்புறம் பன்னிரண்டரைக்கு அது மறுபடி அணைந்ததும், பானையிலிருந்து சிறுவாணித் தண்ணீரை, குடிக்கிற நல்ல தண்ணீரை, ஒரு செம்பு எடுத்து ஊற்றினாள். விளக்கு மங்கலாக எரிந்தது. தொட்டியிலிருந்து போர்வெல் உப்புத் தண்ணீர் ஒரு செம்பு. பளிச்! சின்னாத்தாள் பாத்திரம் கழுவுவது எப்போதும் உப்புத் தண்ணீரில்தான். (கோவையில் இருக்கிறவர்களுக்கு வீட்டுக்கு இரண்டு தண்ணீர் என்று தெரியும்.)

அவள் ஜன்னலிலிருந்து வெளியே போகும் இரண்டு கம்பிகளை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒன்று பேட்டரியிலிருந்து ஒரு குழிக்கு. இன்னொன்று பலகையிலிருந்து அடுத்த குழிக்கு. நடுவில் மண்தான் இருந்தது.

"கரண்டு மண்ணுக்குள்ளார நடந்து வருதுங்க்கா! ஈரமிருந்தா வருது, காஞ்சா நின்னுபோவுது! அது மண்ணுக்குப் போறதுக்குப் போட்ட கோடில்ல. அல்லாம் ஒண்ணா எங்க வந்து சேரோணுங்கறதுக்குப் போட்ட கோடு!"

கம்பெனியிலிருந்து கைப்பையோடு ஒட்டி வந்த விரல் நீளத் தாமிரக் கம்பி ஒன்று. இரண்டு முனையையும் சுரண்டினாள். ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை பலகையில், மூன்று கோடு போட்ட முனைகளோடு. வெளியே போன கம்பிகள் இரண்டையும் பிடுங்கி எறிந்தாள்.

விளக்கு எரிந்த வெளிச்சத்தில் சின்னாத்தாள் கண்ணைச் சுருக்கினார்.

"இந்தத் துண்டுக் கம்பிக்கா என்ற மல்லிகப் பாத்தியத் தோண்டுனே?"

வெங்கடலட்சுமி நெற்றியில் அடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். கண்டுபிடித்துவிட்டாள்! ஒரு வாரம் அவளை ஆட்டி வைத்த சனியனைத் தானே, தன் கையாலேயே பிடித்துவிட்டாள். எழுதிக்கொண்டிருந்த நானும் மேஜையில் ஓங்கித் தட்டியதில் மைப்புட்டி கவிழ்ந்து இந்தப் பக்கம் இரண்டு தடவை எழுத வேண்டியதாயிற்று.

சின்னாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, ஈரமிருந்தா எரியுது, காஞ்சா அணையுதுன்னு சொன்னயே. அப்ப என்ற தம்பி தோப்புல தென்னைக்கு அடியில வெச்சா, தண்ணி வுடோணுமா வேண்டாமான்னு இது சொல்லிப்போடுமா?"

சிரிப்பு நின்றது. வெங்கடலட்சுமி துண்டுக் கம்பியை மறுபடி உருவினாள். ஒரு மண் தொட்டியை இழுத்து, இரண்டு ஆணிகளை மண்ணில் குத்தினாள். காய்ந்த மண்ணில் விளக்கு இல்லை. ஒரு கை தண்ணீர் தெளித்தாள். மினுக் என்றது. அவளும் சின்னாத்தாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

7

இப்போது முடிவு. இங்கேதான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை நடந்ததில் எனக்குச் சந்தேகமில்லாத பகுதி இது. வெங்கடலட்சுமி நீலக் கதவைத் தள்ளிக்கொண்டு டெஸ்டிங்குக்குள் போனாள். துண்டுக் கம்பி போட்ட பலகையை மேசைமேல் வைத்தாள். எட்டேகாலிலிருந்து ஒன்பதேகால் வரை விளக்கு இமைக்கிற கண் மாதிரி ஒரே சீராக மினுக்கியது. சுப்பண்ணன் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டு தடவை சர்க்யூட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அவள் ஜெயித்துவிட்டாள். காலடியில் இருந்த வயர் கூடைக்குள் மண் தொட்டியும் இரண்டு ஆணியும் இருந்தன. அதை அவர் பார்க்கவில்லை.

பிறகு அவர் சாதாரணமாகக் கேட்டார்:

"ஒம்பது நாளாயிருச்சே. எங்கீங்க அம்மணி மாட்டுச்சு?"

இந்த இடத்துக்கு என்னிடம் இரண்டு தாள்கள் இருக்கின்றன.

தாள் (அ): "லூஸ் காண்டாக்ட்டுங்கண்ணா," என்கிறாள். பிரெட்போர்டில் அது யாருக்கும் வரும், அவர் தலையாட்டுகிறார். ஞாயிறு காலை அவள் சுற்றிய மோட்டாருக்கு அவளே சுவிட்சைத் தட்டுகிறாள். அது உறுமிக் கிளம்பும் சத்தத்தைப் பத்து வரி எழுதியிருக்கிறேன், நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் கூடை திறக்கப்படாமலே வீடு திரும்புகிறது. தென்னந்தோப்பு விளக்கை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று யாராவது கேட்டால், குழியைப் பற்றிச் சொல்லாமல் அவள் பதில் சொல்லவே முடியாது.

தாள் (ஆ): உண்மையைச் சொல்கிறாள். எர்த்து என்றதும் குழி வெட்டினேன், ஒன்றல்ல, இரண்டு. மோட்டார் கம்பெனியில் ஒரு பட்டப்பேர் விழுந்தால் ரிட்டயர் ஆகிற வரைக்கும் போகாது. பேட்டரிக்குக் குழி வெட்டியவளை எலக்ட்ரானிக் பேனலில் உட்கார வைக்க ஆபீஸ் ஒப்புமா? அதற்குச் சுப்பண்ணன் சொல்கிற பதிலை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் திட்டுகிறார். ஒன்றில் "நாந்தானுங்களே எர்த்துன்னு சொன்னேன்" என்று தலையைச் சொறிகிறார். ஒன்றில், தப்பை ஒளிக்காதவர்தான் டெஸ்டிங்குக்கு வேணும் என்று பிரசங்கம் செய்கிறார். மூன்றிலும் பேசுவது அவர் இல்லை, நான்தான்.

எந்தத் தாளை வைப்பது? உங்களிடம் மறைப்பானேன், நானாக இருந்தால் லூஸ் காண்டாக்ட் என்றுதான் சொல்லியிருப்பேன். யோசித்திருக்கக்கூட மாட்டேன். இருபது வருஷமாக என் கதைகளில் எங்கே மாட்டியது என்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அதனால் இந்த முடிவு என் கையில் இருக்கக் கூடாது. நான் எழுதினால் அவளும் என்னைப்போல ஆகிவிடுவாள்.

கொஞ்சம் முன்னே வாருங்கள். மேசைக்குப் பக்கத்தில், அவள் நிற்கிற இடத்தில் வந்து நில்லுங்கள். கூடை உங்கள் காலில் இடிக்கிறது, பார்த்து. விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது. சுப்பண்ணன் காதிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு, எழுதுவதற்காக உங்கள் முகத்தைப் பார்க்கிறார்.

"சொல்லுங்க. எங்க மாட்டுச்சு?"